ப்ளூஸ் பாட மறுத்த ப்ளூஸ் குரல்

1930களின் தொடக்கம். சிகாகோவின் தெற்குப் பகுதியில் துணி துவைத்தும் வீட்டு வேலை பார்த்தும் பிழைத்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருவர், 4 டாலர் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒரு பாட்டு வாத்தியாரிடம் போனார். அவருக்கு அது பல நாள் கூலி. வாத்தியார் பெயர் டுபாய்ஸ். அவரும் கறுப்பினத்தவர்தான், மேலைச் செவ்வியல் இசையில் பயிற்சி பெற்றவர். பெண் பாடியதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதன் சாரம் இது: முதலில் இந்தக் கத்தலை நிறுத்து, இப்படிப் பாடினால் நம் இனத்துக்கு மரியாதை இல்லை, வெள்ளைக்காரர்களுக்கும் புரிகிற மாதிரி பாடக் கற்றுக்கொள்.

அதுதான், பின்னாளில் தேவாலயப் பாட்டில் பெரும் புகழ் பெற்ற மஹாலியா ஜாக்சனின் முதல் பாட்டு வகுப்பு. கடைசி வகுப்பும் அதுவே.

1937இல் டெக்கா நிறுவனம் அவரை அழைத்து நான்கு தேவாலயப் பாடல்களைப் பதிவு செய்தது. விற்பனை படுத்துவிட்டது. குரல் அருமையாக இருக்கிறது, கறுப்பின மக்களின் சோகப் பாட்டான ப்ளூஸ் பாடினால் காசு கொட்டும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். மாட்டேன் என்றார் மஹாலியா. டெக்கா கைகழுவிவிட்டது. அடுத்த ரெக்கார்ட் வெளிவர ஒன்பது வருடம் ஆனது.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் வாழ்க்கையின் முடிச்சு பிடிபடும். படித்த கறுப்பினத்தவரின் கௌரவமான தேவாலயங்களுக்கு இவர் பாட்டில் ப்ளூஸ் வாடை தூக்கலாக அடித்தது. ரெக்கார்ட் கம்பெனிகளுக்கோ தேவாலய வாடைதான் தூக்கல். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அந்தக் குரலில் இரண்டும் இருந்தன. நடுவில் ஒரு வேலியைப் போட்டுக்கொண்டது மஹாலியாவே. அந்த வேலியும் இசையில் இல்லை. என்ன சொற்களைப் பாடுவது, எந்த இடத்தில் பாடுவது என்ற இரண்டில் மட்டும்தான் இருந்தது.

குரல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நியூ ஆர்லியன்ஸுக்குப் போக வேண்டும். 1911 அக்டோபர் 26 அன்று அங்கே பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையை ஒட்டிய ஏழைக் குடியிருப்பு. ஒன்றன்பின் ஒன்றாக நீளும் மூன்றே அறைகள் கொண்ட வீடு, அதில் பதின்மூன்று பேர். பிறவியிலேயே கால்கள் வளைந்திருந்தன. அப்பா பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குவார், மாலையில் முடி வெட்டுவார். ஐந்தாறு வயதில் அம்மா இறந்துபோக, வளர்த்தது பெரியம்மா. ட்யூக் பெரியம்மா என்றால் வீடே நடுங்கும். குழந்தைகள் வீட்டைத் துடைத்து முடித்ததும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்ப்பாராம். கையுறையில் தூசி ஒட்டினால் அடி. பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு சரி.

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாப்டிஸ்ட் தேவாலயம்தான். அங்கே பழைய பாடல்களைப் பாடும் முறை தனி. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ஐசக் வாட்ஸ் எழுதிய பாமாலைகள்தாம் அவை, ஆனால் ஆங்கிலேயர் எவருக்கும் அடையாளம் தெரியாத வகையில் பாடப்பட்டன. புத்தகமும் எழுத்தறிவும் இல்லாத அடிமைக் காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. ஒருவர் ஒரு வரியைச் சொல்ல, சபை முழுக்க அதை வாங்கி, இழுத்து, நெளித்து, முனகலும் விம்மலுமாகப் பாடும். கிட்டத்தட்ட நம்முடைய விருத்தம் போல, தாளக் கட்டே இருக்காது. ஒரு சொல்லுக்குள் பத்து சங்கதி விழும்.

வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தேவாலயம் இருந்தது. பரிசுத்த ஆவி இறங்கி ஆடவைக்கும் சபை. அங்கே ஆர்கன் கிடையாது, பாடகர் குழு கிடையாது. டிரம், சிஞ்சா, கஞ்சிரா மாதிரியான டாம்பரின், அப்புறம் இரும்பு முக்கோணம். கைதட்டல், கால்தட்டல். தன் பாட்டில் உள்ள துள்ளலெல்லாம் அங்கிருந்து வந்தது என்று மஹாலியா பின்னாளில் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

மூன்றாவது ஊற்று வீட்டுக்குள்ளேயே ஓடியது. பெரியம்மா வெளியே போனதும் ஃப்ரெட் என்ற அண்ணன்முறைப் பையன் வாங்கி வைத்திருந்த பெஸ்ஸி ஸ்மித், மா ரெய்னி ரெக்கார்டுகளைப் போட்டுக் கேட்பார்கள். பெஸ்ஸி ஸ்மித் அன்றைய ப்ளூஸ் மகாராணி. அந்த மூச்சுப் பிடிப்பும் சொல்லின் நடுவில் குரலை வளைப்பதும் சிறுமியின் தொண்டைக்குள் அப்படியே இறங்கிவிட்டன. ப்ளூஸ் பாட மாட்டேன் என்று பின்னாளில் ஆயிரம் முறை சொன்னவரின் முதல் குருநாதர் ஒரு ப்ளூஸ் பாடகிதான்.

1927 கடைசியில், பதினாறு வயதில், ரயிலேறி சிகாகோ வந்தார். அது அவர் ஒருவரின் கதை அல்ல. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் கும்பல் கொலைகளையும் விட்டு வடக்கே தொழிற்சாலை நகரங்களுக்கு 1910 முதல் 1970 வரை நகர்ந்த கறுப்பின மக்கள் சுமார் 60 லட்சம் பேர். சிகாகோவில் மட்டும் 1910இல் 44,000ஆக இருந்த கறுப்பினத்தவர் தொகை, 1930இல் 2,34,000. இந்தக் கூட்டத்துக்குத் தெற்கத்தி ஊர்ப் பாட்டு வேண்டியிருந்தது. சிகாகோவின் பெரிய தேவாலயங்களோ பாக், ஹேண்டல், மெண்டல்சன் என்று பாடிக்கொண்டிருந்தன. அங்கே கைதட்டினால் முறைப்பார்கள். மஹாலியா கிரேட்டர் சேலம் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சேர்ந்தார். அங்கே போதகரின் மகன்களோடு சேர்ந்து ஜான்சன் சிங்கர்ஸ் என்ற சிறு குழுவாக, கடைகளையே ஆலயமாக்கிக்கொண்ட சின்னச் சபைகளில் பாடித் திரிந்தார்.

இங்கேதான் தாமஸ் ஏ. டார்சி வருகிறார். ஜார்ஜியா டாம் என்ற பெயரில் கொச்சையான ப்ளூஸ் பாட்டுகள் எழுதி விற்றவர், மா ரெய்னிக்கு பியானோ வாசித்தவர். 1932இல் அவர் வெளியூர் போயிருந்த சமயம் மனைவி பிரசவத்தில் இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் அவர் எழுதியது 'டேக் மை ஹேண்ட், ப்ரெஷியஸ் லார்ட்'. சுவிசேஷத்துக்கு ஆங்கிலத்தில் காஸ்பல் என்று பெயர். பக்திச் சொல்லை ப்ளூஸ் நடையில் ஏற்றிய டார்சியின் பாட்டுகளுக்கும் அதுவே பெயராக நிலைத்தது. ஆக, காஸ்பல் என்பது ஏதோ ஆதிகாலத்து ஆன்மிக இசை என்று நினைத்தால் தவறு. ரேடியோவும் ரெக்கார்டும் வந்த பிறகு, ஒரு பெருநகரத்தில், ஒரு மாஜி ப்ளூஸ்காரர் வடிவம் கொடுத்தது அது. டார்சி தன் பாட்டுகளைத் தனித்தாளில் அச்சடித்து 10 சென்ட்டுக்கு விற்றார். தெருமுனையில் நின்று பாடிக் காட்டி அந்தத் தாள்களை விற்றுக் கொடுத்தவர் மஹாலியா. பிறகு இருவரும் சேர்ந்து பல வருடம் ஊர் ஊராகத் தேவாலயங்களுக்குப் போனார்கள்.

போதகர்கள் சிலர் மேடையிலிருந்தே கண்டித்தார்கள். இதெல்லாம் ஜாஸ், ஆலயத்தில் ஆகாது என்றார்கள். மஹாலியா பைபிளைக் காட்டித்தான் பதில் சொன்னார். 'சகல ஜனங்களே, கைகொட்டி, தேவனுக்கு முன்பாகக் கெம்பீரசத்தமாய் ஆர்ப்பரியுங்கள்' என்று 47ஆம் சங்கீதத்திலேயே இருக்கும்போது கைதட்டினால் என்ன குற்றம்?

அந்த வேலி எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. சிகாகோவுக்கு வந்த தாத்தாவை, கொளுத்தும் வெயிலில், போட்டோ எடுத்துக்கொள்ளும்படி பேத்தி வற்புறுத்தி அனுப்பினார். போன இடத்தில் தாத்தா பக்கவாதம் வந்து சரிந்தார். தன்னால்தான் இது என்று உடைந்துபோன மஹாலியா, தாத்தாவைப் பிழைக்க வை, இனி நாடகக் கொட்டகை, சினிமா பக்கமே போக மாட்டேன் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டார். தாத்தா பிழைத்தார். ஆக, அந்த மறுப்புக்கு அடியில் இருந்தது கொள்கையைவிட ஒரு நேர்த்திக்கடன்.

அதற்கும் சோதனை வந்தது. 1936இல் அவர் மணந்த ஐக் ஹாக்கன்ஹல் வேதியியல் படித்தவர், ஆனால் பொருளாதார மந்தத்தில் தபால் வேலை பார்த்தவர், குதிரைப் பந்தயப் பிரியர். இவ்வளவு நல்ல குரலைத் தேவாலயத்தில் வீணடிக்கிறாயே என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வேலை போன ஒரு சமயத்தில், அரசு நாடகத் திட்டம் போட்ட 'மிகாடோ' என்ற இசைநாடகத்தின் ஜாஸ் வடிவத்துக்கு ஆள் எடுத்தார்கள். மஹாலியா போய்ப் பாடினார். தேர்வும் ஆனார். நல்ல சம்பளம். அதே சமயம் கணவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பின்னர் சொந்த ஊர்க்காரரான ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தன் இசைக்குழுவுக்கே அழைத்தார். அதற்கும் அதே பதில். மது பரிமாறும் கிளப்பில் பாடுவதில்லை என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

அவர் சொன்ன காரணம் நேரடியானது. ப்ளூஸ் பாடி முடித்த பிறகும் துக்கம் அப்படியே இருக்கும், சாய்ந்துகொள்ள ஒன்றும் இருக்காது. காஸ்பலில் நோய்க்கு மருந்து உண்டு என்ற நம்பிக்கை கிடைக்கும். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. பெஸ்ஸி ஸ்மித்தைக் கேட்டு ஆறுதல் அடைந்தவர்களில் மஹாலியாவே ஒருவர் அல்லவா.

1946இல் அப்பல்லோ என்ற சிறு நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. முதல் ரெக்கார்டுகள் சுமாராகத்தான் போயின. அங்கிருந்த ஆர்ட் ஃப்ரீமேன் விடாமல் வற்புறுத்தியதில், மெம்ஃபிஸ் போதகர் டபிள்யூ. ஹெர்பர்ட் ப்ரூஸ்டர் எழுதிய 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' பாட்டை 1947 செப்டம்பரில் பதிவு செய்தார்கள். அந்தக் கால 78 ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். இவர் பாட்டு அதற்குள் அடங்கவில்லை. அதனால் பாட்டைப் பாதியில் வெட்டி இரண்டு பக்கமாகப் போட்டார்கள். சொர்க்கத்துக்குப் படியேறும் பாட்டு. பாதி ஏறியதும் ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பிப் போட்டு, மிச்சப் படிகளை ஏற வேண்டும். இருந்தும் 1948 தொடக்கத்தில் வெளியான அது பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. காஸ்பலில் அதுவரை யாரும் காணாத எண்ணிக்கை. ப்ரூஸ்டர் பின்னாளில் தந்த விளக்கம் முக்கியமானது. மேலே ஏறு என்று அவர் எழுதியது சொர்க்கத்தை மட்டும் நினைத்து அல்ல. கல்வியில், தொழிலில் நம் ஆட்கள் ஏற வேண்டும் என்பதைத் தேவாலய மொழியில் பொதிந்து சொன்னார். கேட்டவர்களுக்கு அது புரிந்தே இருந்தது.

அந்தக் காலப் பதிவுகளில் இன்னொருவரையும் கேட்க வேண்டும். பியானோவில் மில்ட்ரெட் ஃபால்ஸ். மெதுவான பாட்டு என்றால் மஹாலியா தாளத்துக்குள் நிற்கவே மாட்டார். 'ப்ரெஷியஸ் லார்ட்' பாடும்போது முதல் இரண்டு சொற்களைக் கடக்கவே பல நொடிகள் எடுத்துக்கொள்வார். ஒரு உயிரெழுத்தில் ஏறி, நின்று, சறுக்கி, மூச்சு வாங்கி, அதே சொல்லை முடிப்பார். எங்கே நிற்பார், எங்கே பாய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. மில்ட்ரெட்டுக்கு மட்டும் தெரியும். அவருடைய விரல்கள் காத்திருக்கும். குரல் இறங்கி வந்ததும் பிடித்துக்கொள்ளும். வேகப் பாட்டில் இடது கை நடக்க, வலது கை ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்துத் திஸ்ர நடையில் உருட்டும். மஹாலியாவின் பாணி என்று உலகம் சொல்வதில் பாதி இந்தப் பெண்ணுக்குச் சொந்தம். அவருக்குக் கிடைத்த சம்பளமோ சொற்பம். கூட்டிக் கேட்டபோது மஹாலியா வேலையை விட்டே அனுப்பிவிட்டார். இந்தக் கதையில் எனக்கு மனம் ஒட்டாத இடம் இது.

பணத்தில் அவர் கறார்தான். ஏமாற்றிய நிகழ்ச்சி அமைப்பாளர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, மேடை ஏறும் முன்பே ரொக்கமாகக் கொடு என்பதைச் சட்டமாக்கிக்கொண்டார். நோட்டுக் கட்டை உள்ளாடைக்குள் செருகிக்கொண்டுதான் பாடுவார். தெற்கே கறுப்பினத்தவருக்கு ஓட்டலில் அறையும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. அதனால் படுத்துத் தூங்கவும் சாப்பாடு வைத்துக்கொள்ளவும் தோதாகப் பெரிய காடிலாக் கார் வாங்கினார். பாட்டை நம்பி மட்டும் இருக்கவில்லை. சிகாகோவில் அழகு நிலையம் வைத்தார், பூக்கடை வைத்தார். பின்னாளில் அவர் பெயரில் வறுத்த கோழிக் கடைகள்கூட வந்தன.

1950 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னெகி ஹால் அரங்கு, 1952இல் ஐரோப்பா, 1954இல் கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தம், அதே ஆண்டு சிபிஎஸ் வானொலியில் சொந்த நிகழ்ச்சி. அமெரிக்க வெள்ளையர் வீடுகளுக்குள் அவர் குரல் நுழைந்தது இப்போதுதான். கொலம்பியா அவரைச் சுற்றி வயலின்களையும் பெரிய கோரஸையும் அடுக்கியது, பாட்டுகளை வானொலிக்கு ஏற்ற நீளத்துக்குச் சுருக்கியது. குரல் குறையவில்லை, ஆனால் வேர்வை துடைக்கப்பட்டுவிட்டது. புதிதாகக் கேட்பவர்கள் அப்பல்லோ பதிவுகளிலிருந்து தொடங்குவது நல்லது. விதிவிலக்குகளும் உண்டு. 1958இல் ஜாஸ் இசையமைப்பாளர் ட்யூக் எலிங்டனோடு சேர்ந்து பாடிய 'கம் சண்டே' அவற்றில் ஒன்று. அதே ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பாடியது இன்னொன்று.

புகழ் வந்தது, தெரு மாறவில்லை. 1950களின் நடுவில் சிகாகோவில் வெள்ளையர் வசித்த சாட்டம் என்ற பகுதியில் வீடு வாங்கினார். ஜன்னல்களைத் துப்பாக்கியால் சுட்டார்கள். போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. பாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குப் பாடியவர் பக்கத்து வீட்டுக்கு வருவது பிடிக்கவில்லை.

கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் தோழர் ரால்ஃப் அபர்நாத்தியும் அவரைச் சந்தித்தது 1956இல், டென்வரில் நடந்த பாப்டிஸ்ட் மாநாட்டில். மான்ட்கோமரி நகரில் பேருந்துகளில் இருந்த இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் அவற்றில் ஏறாமல் மாதக்கணக்காக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நிதி திரட்டப் பாட முடியுமா என்று கேட்டார்கள். முன்பணம் இல்லாமல் மேடை ஏறாத மஹாலியா, நடக்கிறவர்களிடம் காசு வாங்க மாட்டேன் என்றார். டிசம்பரில் போய்ப் பாடினார், அபர்நாத்தி வீட்டில் தங்கினார். அடுத்த மாதம் அந்த வீட்டில் குண்டு வெடித்தது. அதன் பிறகு கிங் எங்கே அழைத்தாலும் போனார். மனம் சோர்ந்த இரவுகளில் கிங் தொலைபேசியில் கூப்பிடுவார், இவர் போனிலேயே பாடுவார்.

1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன். லிங்கன் நினைவகத்தின் முன் இரண்டரை லட்சம் பேர். கிங் பேசுவதற்குச் சற்று முன்பு மஹாலியா பாடினார். முதலில் அடிமைக் காலத்துப் புலம்பல் பாட்டு ஒன்று, பிறகு 'ஹவ் ஐ காட் ஓவர்'. பாடி முடித்து அருகிலேயே உட்கார்ந்துகொண்டார். கிங் எழுதி வைத்த உரையை வாசிக்க ஆரம்பித்தார். உரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தீப்பிடிக்கவில்லை. பின்னாலிருந்து மஹாலியா குரல் கொடுத்தார்: அந்தக் கனவைப் பற்றிச் சொல்லு மார்ட்டின்! கனவு என்ற அந்தப் பகுதியை கிங் ஜூன் மாதமே டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். அன்றைய தாளில் அது இல்லை. அவர் தாளை ஓரமாகத் தள்ளினார் என்பதை, உரையைத் தயாரிக்க உதவிய க்ளாரன்ஸ் ஜோன்ஸ் பின்னால் நின்று பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கிங் மாறினாரா என்பதில் வரலாற்றாளர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை.

எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, அவர் ஏன் கூவினார் என்பது. கறுப்பினத் தேவாலயத்தில் பிரசங்கம் ஒருவர் வேலை கிடையாது. போதகர் தடுமாறினால் சபை கை கொடுக்கும், 'சொல்லு, சொல்லு' என்று ஏற்றிவிடும். முன்வரிசையில் உட்கார்ந்த மூத்த அக்காமார்களின் கடமை அது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மேடையை அந்த நொடியில் மஹாலியா ஞாயிற்றுக்கிழமை ஆராதனையாகவே நினைத்துவிட்டார்.

ஐந்து வருடம் கழித்து கிங் சுடப்பட்டார். அதற்குச் சில நிமிடம் முன்பு, அன்றிரவுக் கூட்டத்தில் 'ப்ரெஷியஸ் லார்ட்' வாசிக்கும்படி இசைக்கலைஞர் பென் பிராஞ்சிடம் சொல்லியிருந்தார். அந்தப் பாட்டை 1968 ஏப்ரல் 9 அன்று அட்லாண்டாவில் அவர் இறுதிச் சடங்கில் பாடியவர் மஹாலியா.

உடம்பு அப்போதே விட்டுப்போயிருந்தது. இதயக் கோளாறு, சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், ஒட்டாமல் போன இரண்டாவது திருமணம். ஆனாலும் பயணத்தை விடவில்லை. 1971இல் அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்பாட்டில் இந்தியாவுக்கு வந்தார். டெல்லியில் இந்திரா காந்தியைச் சந்தித்தார். கல்கத்தா, டெல்லி, பம்பாயோடு நம் மெட்ராஸிலும் அந்தக் குரல் ஒலித்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் பாடப் போன இடத்தில் நோய் முற்றியது. 1972 ஜனவரி 27 அன்று சிகாகோவை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் இறந்தார். வயது 60.

கிரேட்டர் சேலம் தேவாலயத்தில் ஐம்பதாயிரம் பேர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். கூட்டம் கொள்ளாமல் இறுதி ஆராதனையை ஆரி க்ரவுன் என்ற அரங்கில் வைத்தார்கள். அது ஒரு நாடக அரங்கு. அங்கே 'ப்ரெஷியஸ் லார்ட்' பாடியவர் அரீத்தா ஃபிராங்க்ளின். டெட்ராய்ட் போதகர் சி. எல். ஃபிராங்க்ளினின் மகள், சின்ன வயதில் தன் வீட்டுச் சமையலறையில் மஹாலியா சமைப்பதைப் பார்த்து வளர்ந்தவர். பதினெட்டு வயதில் அந்த வேலியைத் தாண்டி, தேவாலயத்துக்கு வெளியே பாடும் சோல் இசைக்குப் போய் உலகப் புகழ் பெற்றார். அந்த இறுதிச் சடங்குக்கு மூன்று வாரத்துக்கும் குறைவான நாட்களுக்கு முன்பு, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இரண்டு இரவுகள் நின்று ஒரு முழு காஸ்பல் ஆல்பத்தைப் பாடிப் பதிவு செய்துவிட்டுத்தான் அவர் அங்கே வந்திருந்தார்.